டவுட்டும் பின்னால் நடந்த எருமையும்

ஆவடிப் பக்கம் எண்பதுகளின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நிஜமாகவே புரிந்துகொண்டு படித்த பெண்கள் எவ்வளவு பேர் இருந்தாலும், அத்தனை பேரும் ஒரே ஒருத்திக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒருத்திக்குக் கணக்கு வராது.

வராது என்றால் ஏதோ கொஞ்சம் மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மக்குகள் எங்கள் வகுப்பில் ஏகப்பட்ட பேர் இருந்தோம். ஆனால் புரியாவிட்டாலும் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிற நாகரிகம் தெரிந்தவர்கள் நாங்கள். அவளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுவாள். அதுவும் சத்தமாக. அதுவும் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம் பார்த்து.

அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் அதைக் கூப்பிடுவார். அவளே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் "உள்ளேன் டீச்சர்" என்பாள். மற்ற நேரமெல்லாம் எல்லோருக்கும் அவள் 'டவுட்டு'தான். அவள் அம்மாகூட ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, "டவுட்ட கொஞ்சம் இட்டாறியாமே" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவள் கை தூக்குகிற அழகே தனி. மற்றவர்கள் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு ஒற்றை விரலைக் காட்டுவோம். அவள் நிற்காமல் போகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி முழுக் கையையும் வீசுவாள். கை எழும்பியதுமே வரலாற்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"டீச்சர், ஒரு டவுட்டு. அசோகரு ரோட்டோரமா மரம் நட்டாருன்றீங்க. மாடு மேயாம யாரு டீச்சர் பாத்துகினா?"

"அதெல்லாம் பாடத்துல இல்லம்மா."

"அவரு நட்டது பாடத்துல கீது, அத்த காவந்து பண்ணவன் பாடத்துல இல்லியா? எங்கூட்டாண்ட ஒரு முருங்கக் கொம்பு நட்டுட்டு நாங்க படற பேஜாரு எங்களுக்குத்தான் டீச்சர் தெரியும்."

டவுட்டுக்கு வீடு சேக்காட்டில். ரொம்ப நாளாக அங்கேயே இருக்கிற குடும்பம். மிச்சமிருந்த கொஞ்சம் நிலத்தில் கீரை போட்டிருந்தார்கள். மாட்டுக் கொட்டகை நிறைய எருமை இருந்தது. எங்கள் பக்கமெல்லாம் குவார்ட்டர்ஸ். அப்பாக்கள் ஃபாக்டரியில் வேலை. திருநெல்வேலி, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து, ஒரே மாதிரி வீடுகளில் வேறு வேறு மாதிரி குழம்பு வைத்துக்கொண்டிருந்தோம். காலையில் டவுட்டு எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, தூக்கை மதில் ஓரம் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னோடேயே பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவாள். வழி முழுக்கக் கேள்விதான். ஃபாக்டரி சங்கு ஊதுவது ஏன் கேட்கிறது, கண்ணால் பார்க்க முடியாதது ஏன் என்பதில் ஆரம்பித்தால், பள்ளிக்கூட கேட் வருவதற்குள் எனக்கு ஜுரம் வந்துவிடும்.

அவள் ஏற்கெனவே ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை பெயில். கணக்கில்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டாம் தடவை பெயிலானால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவள் அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "குடுத்தா வாங்கினு வா. ஏரியாண்ட எருமைய ஓட்ட ஆளில்ல" என்று முன்கூட்டியே வேலை ஒதுக்கி வைத்திருந்தார். அவளுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட மனசே இல்லை.

அந்த வருஷம் பார்த்து எங்கள் கணக்கு டீச்சருக்குத் தொண்டை போய்விட்டது. வருஷக்கணக்காக அறுபது பெண்களைப் பார்த்துக் கத்திய தொண்டை. இனிமேல் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டீச்சர் வகுப்புக்கு வந்து, போர்டில் எழுதினார்: 'இனிமேல் நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியது. நாலு நாலு பேராகக் குரூப்.' வகுப்பு கை தட்டியது. டீச்சர் அடுத்த வரியை எழுதினார்: 'டெஸ்டில் குரூப்பில் யார் மார்க் ரொம்பக் குறைவோ, அதுதான் அந்தக் குரூப்பின் மார்க். போர்டில் எழுதிப் போடுவேன்.' கை தட்டல் நின்றுவிட்டது.

அறுபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி டவுட்டைப் பார்த்தார்கள். அவள் கை தூக்கியிருந்தாள்.

"டீச்சர், ஒரு டவுட்டு. என்னிய எந்த குரூப்புக்கு பிடிக்கும்?"

ஒரு குரூப்புக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எடுத்தது மேரி. மேரிக்கு நாகர்கோவில். என் பக்கத்து வீடு. அவள் கை வைத்தால் எந்தச் சீட்டும் அப்படித்தான் வரும் என்று அவள் அம்மாவே சொல்லுவார். எங்கள் குரூப்பில் நான், மேரி, அப்புறம் விஜி. விஜிதான் வகுப்பில் முதல் ரேங்க். கணக்கில் நூறுக்கு ஒன்று குறைந்தால் அன்றைக்குப் பழம்கூடச் சாப்பிடாத ஜன்மம். டவுட்டின் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

முதல் டெஸ்ட் நடந்தது. விஜி நூறு, மேரி அறுபதோ என்னவோ, நான் அதற்குக் கொஞ்சம் கீழே, டவுட்டு ஒன்பது. டீச்சர் போர்டில் எங்கள் குரூப்புக்கு நேராக 'ஒன்பது' என்று அழகாக எழுதி, கீழே கோடு வேறு போட்டார். மறுநாள் விஜியின் அம்மா வந்துவிட்டார்.

"எங்க வம்சத்துலயே ஒத்தை இலக்கத்துல மார்க் வாங்கினவங்க கிடையாது டீச்சர். போர்டுல இவ பேரைப் போட்டு ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்களே, நாங்க எப்படி வெளியில தலை காட்டறது?"

டீச்சர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தார். அந்தத் தொண்டை சரியாகிவிட்டிருந்தும் டீச்சர் வெளியில் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு.

ஆகவே வேறு வழியில்லாமல் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம் டவுட்டு வீட்டு முற்றத்தில். ஒரு பக்கம் எருமைகள், ஒரு பக்கம் நாங்கள். விஜிதான் முதலில்.

"இங்க பாரு. எக்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோ."

"யாரு அது?"

"யாரும் இல்ல. ஒரு நம்பர். என்ன நம்பர்னு தெரியாது."

"தெர்லன்னா ஏன்மே உள்ள உட்ட? எங்கூட்ல தெரியாத ஆளுன்னா வாசல்லயே நிக்க வெச்சி, 'யாரு, எந்த ஊரு, இன்னா ஓணும்'னு கேட்டுட்டுதான் உள்ள உடுவோம்."

விஜி எழுதிக்கொண்டிருந்த பென்சிலை நிறுத்தினாள். "கணக்கே அதுதான்டி. வாசல்ல நிக்க வெச்சு, நீ யாருன்னு கேக்கறதுதான்" என்றாள். சொல்லி முடித்ததும் தான் சொன்னது தனக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்த முற்றத்தில் ஒவ்வொன்றும் நடந்தது. டவுட்டு கேட்பாள். நாங்கள் சொல்லுவோம். அவள் அதற்குள் இன்னொன்று கேட்பாள். மூன்றாவது கேள்வியில் எங்களுக்கே ஒன்றும் தெரியாது என்பது அம்பலமாகிவிடும். பிறகு நாங்கள் மூவரும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து யோசிப்போம். டவுட்டு மட்டும் உற்சாகமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "நல்லா யோசிங்கமே, ஒண்ணியும் அவசரமில்ல" என்பாள். பாடம் படிப்பது அவளா நாங்களா என்று வழியில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பெரிய சண்டை வந்தது மைனஸில்தான். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்றாள் விஜி.

"எப்டி?"

"அது விதி."

"யாரு போட்டது? ரெண்டு திருடன் ஒண்ணா சேந்தா நல்லவனா ஆய்டுவானா? கூடத்தானே திருடுவான்?"

மேரி உள்ளே புகுந்தாள். "எட்டி, ரெண்டு தடவ இல்ல இல்லன்னு சொன்னா ஆமான்னுதான் அர்த்தம், கேட்டியா?"

"எங்கூட்ல ரெண்டு தடவ இல்லன்னு சொன்னா ஒத உழும்."

விஜி பென்சிலைக் கீழே போட்டாள். "நீ பாஸாகணும்னா இதை அப்படியே மனப்பாடம் பண்ணு. ஏன்னு கேக்காதே. நானே ஏன்னு கேட்டதில்ல. நூறு வாங்கலையா?"

டவுட்டு சாணி ஒட்டியிருந்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இஸ்கோல்ல மட்டுந்தான்மே கேட்டா யாராச்சும் பதில் சொல்றாங்க. எங்கூட்ல இன்னா கேட்டாலும் வாய மூடுதான். அத்தக்கோசரம்தான் எனுக்கு இஸ்கோலு பிடிக்கும். டி.சி. குடுத்துட்டா எருமையாண்ட போயி நான் இன்னாத்த கேக்கறது?"

விஜி பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் எருமை வந்தது. அவள் அப்பா புதிதாக வாங்கி வந்த எருமை. கொட்டகையின் தாழ்ந்த கூரையைக் கண்டால் அதற்குப் பயம். முன்னால் இழுத்தால் உள்ளே வரவே வராது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். டவுட்டு எழுந்து போனாள். கயிற்றைப் பிடித்து அதை அப்படியே ஏரிப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். பிறகு நெற்றியில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளு. எருமை ஏரியைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து, தான் எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"விஜி! அது திரும்பி நின்னுது. அது ஒரு மைனஸ். பின்னால நடந்துது. அது ரெண்டாவது மைனஸ். கடைசியில கொட்டகைக்குத்தான வந்துச்சு!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எருமையும் பார்த்தது. விஜிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாய் மெதுவாகத் திறந்தது. டவுட்டு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எருமைக்குச் சரி. எனுக்கு?"

அவளுக்கும் நடந்து பார்த்தால்தான் ஆயிற்று. ஏரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், அம்மன் கோயிலை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. அங்கே போனோம். வேப்பமரம் பூஜ்யம். பள்ளிக்கூடப் பக்கம் பிளஸ், ஏரிப் பக்கம் மைனஸ். முதல் எண்ணுக்கு மைனஸ் இருந்தால் ஏரியைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டாவதற்கும் மைனஸ் இருந்தால் பின்னால் நடக்க வேண்டும். டவுட்டு ஏரியைப் பார்த்து நின்றாள், பின்னால் நடந்தாள், முதுகு போய்ப் பள்ளிக்கூட மதிலில் இடித்தது. திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அய்ய! இஸ்கோலுக்கே வந்துட்டேன்மே!"

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நாலு பெண்கள் பொட்டலில் பின்னால் நடந்துகொண்டிருந்தோம். ஒரே மாதிரிக் கணக்கையே திரும்பத் திரும்ப நடந்தோம், டவுட்டுக்கு நடந்தால்தான் நம்பிக்கை. மற்ற குரூப் பெண்களும் மதில்மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அரை வகுப்பு அங்கேதான். இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் வேடிக்கை.

முதலில் கீரை விற்கிற ஒரு அம்மா நின்று பார்த்தார். "இன்னா வேண்டுதலுமே இது?"

மேரி சும்மா இருந்திருக்கலாம். "பாஸாவறதுக்கு" என்றாள்.

அவ்வளவுதான். கோயில் பூசாரி முதல் நாள் சிரித்தார். மறுநாள் நாங்கள் நடக்கிற வழியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நெற்றியில் குங்குமத்தோடு வந்து எங்களுக்குப் பின்னால், அதாவது முன்னால், நடந்தார்கள். ஃபாக்டரியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து டவுட்டைத் தனியாக ஓரம் கட்டினார்.

"எங்கூட்டுக்காரு குடிய உடணும். எத்தினி சுத்து நடக்கணும் கண்ணு?"

டவுட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சும்மா நடந்தா ஆவாதுக்கா. ரெண்டு மைனஸு ஓணும். உன்னாண்ட எத்தினி கீது?"

அந்தப் பெண் யோசித்தார். "அவரு ஒண்ணு. மாமியாரு ஒண்ணு."

"அப்ப சரி. நடக்கா."

எனக்குப் பழக்கம் எப்படித் தொற்றிக்கொண்டது என்றால், வீட்டில் பாத்திரம் எடுக்கப் போகும்போதுகூடப் பின்னால் நடந்தேன். எங்கள் அம்மா அசல் திருநெல்வேலி. அடுப்படியில் என் முதுகு வந்து அவர் முதுகில் இடித்ததும் கரண்டியை ஓங்கிவிட்டார்.

"ஏட்டி, கோட்டி கீட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? மனுசி மாதிரி முன்னால நடக்கத் தெரியாதா?"

"கணக்கும்மா."

"அந்தப் பால்காரப் பிள்ள சகவாசம். நாளைக்கு வரட்டும், அவளக் கேக்கேன்."

மறுநாள் கேட்கவும் செய்தார். டவுட்டு பால் தூக்கை இறக்கிவிட்டு, எங்கள் அம்மாவைச் சமையல்கட்டில் திருப்பி நிற்க வைத்து, பின்னால் நடத்தி, பெருக்கல் விளக்கினாள். அதற்கப்புறம் அம்மா அவளுக்குத் தினமும் ஒரு டம்ளர் காபி கொடுக்க ஆரம்பித்தார்.

முழுப் பரீட்சை வந்தது. கணக்குப் பேப்பர். எங்கள் கணக்கு டீச்சர் தன் வகுப்புக்கே மேற்பார்வைக்கு வரக் கூடாது என்று வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் அறைக்கு வந்தவர் தையல் டீச்சர். நல்லவர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் நேராக இருக்க வேண்டும் அவருக்கு. ஒரு தையல் கோணினால்கூடப் பிரித்துவிடுகிறவர்.

பாதிப் பரீட்சையில், எனக்கு முன்னாலிருந்த டவுட்டு பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். பெஞ்சுக்கு வெளியே வந்தாள். முகத்தைக் கரும்பலகைப் பக்கம் வைத்துக்கொண்டு, அமைதியாகப் பின்னால் நடந்து வந்து, என் மேஜையில் முட்டி நின்றாள். முகம் மலர்ந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஆனால் அதற்குள் தையல் டீச்சர் அவள் விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார்.

"காப்பியா? பட்டப்பகல்ல எழுந்து நடந்து வந்து காப்பியா? நீயும் எழுந்திரும்மா, காட்டினவளும் குற்றவாளிதான்!"

நானும் எழுந்து விடைத்தாளைக் கொடுத்தேன். காப்பி என்றால் அந்தப் பேப்பருக்குப் பூஜ்யம். டவுட்டுக்குப் பூஜ்யம் என்றால் பெயில், பெயில் என்றால் டி.சி. நாங்கள் வெளியே போகும்போது திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கணக்குக்கு வந்துவிட்டிருந்தார்கள் போல. உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தைத் திருப்பி, தோளைப் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தையல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "கடவுளே, மொத்த வகுப்புமா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தையல் டீச்சர் எங்களை எச்.எம். அறையில் கொண்டுபோய் நிறுத்தினார். எச்.எம். சரித்திரம் படித்தவர். நல்ல உயரம். அவர் நிமிர்ந்து பார்த்தாலே செய்யாத தப்பும் ஞாபகம் வந்துவிடும்.

"பரீட்சையில எழுந்து நடந்தியா?"

"நடந்தேன் டீச்சர்."

"எதுக்கு?"

"கணக்கு போட."

"கணக்கைக் கையால போடுவாங்க. காலால போடுவாங்களா?"

"ஒக்காந்து நெனச்சி பாத்தேன் டீச்சர். ஆனா ஒரு டவுட்டு வந்துட்ச்சி. நடந்து பாத்தாதான் அது போவும்."

நான் அழுதுகொண்டே பொட்டல், வேப்பமரம், எருமை என்று உளறிக் கொட்டினேன். எருமை வந்த இடத்தில் எச்.எம். கையைக் காட்டி நிறுத்தினார். "மைனஸ் இண்டு மைனஸ் பிளஸ். இதுக்கு எருமை எதுக்கு? அது விதி."

டவுட்டின் கை மேலே போனது. அந்த அறையில், அந்த நிலைமையில், அப்படியே பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

"டீச்சர், ஒரு டவுட்டு. அது ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தையல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

"தெரியாது" என்றார் எச்.எம்.

"அப்ப எழுந்து வாங்க டீச்சர். அந்த ஜன்னலு பிளஸ்ஸு. இந்த பீரோ மைனஸு. பீரோவ பாத்து நில்லுங்க. ஆங், அதான். இப்ப அப்டியே பின்னால வாங்க. பயப்படாதீங்க, நான் பிடிச்சிக்கறேன்."

எச்.எம். வாசல் பக்கம் பியூன் பார்க்கிறாரா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பீரோவைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. முதுகில் ஜன்னல் கம்பி பட்டது. திரும்பிப் பார்த்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"அட" என்றார். அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இத்தனை வருஷத்துல எனக்கு யாருமே இதைச் சொல்லலையேம்மா" என்றார்.

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க டீச்சர்" என்றாள் டவுட்டு, ஆறுதலாக.

எங்கள் இருவர் விடைத்தாள்களும் திரும்ப வந்தன. போன நேரத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் வராந்தாவில் திரும்பும்போது அறைக்குள்ளிருந்து எச்.எம். குரல் கேட்டது. "நீங்களும் ஒரு தடவை நடந்து பாருங்க டீச்சர். பீரோவைப் பார்த்து நில்லுங்க."

ரிசல்ட் வந்த அன்று எங்கள் கணக்கு டீச்சர், பழக்கம் விடாமல், குரூப் மார்க்கைப் போர்டில் எழுதினார். எங்கள் குரூப்புக்கு நேராக முப்பத்தெட்டு. பாஸுக்கு முப்பத்தைந்து போதும். விஜிக்கு அந்தத் தடவையும் நூறுதான். அந்த முப்பத்தெட்டைப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் பெஞ்சைத் தட்டினாள். மேரி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள். டவுட்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தூக்கவில்லை. அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை போலிருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள்மேல் பால் வாசனையும் சாணி வாசனையும் கலந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் குரூப்பைக் கலைத்துப் புதிதாகப் பிரிப்பது என்று டீச்சர் முடிவு செய்தார். போன வருஷம் ஒரு குரூப்புக்கும் வேண்டாதவளை இந்த வருஷம் எல்லாக் குரூப்பும் கேட்டது. "டவுட்ட எங்களுக்குக் குடுங்க டீச்சர்", "போன வருஷம் அவங்ககிட்ட இருந்தா இல்ல, இந்த வருஷம் எங்க முறை" என்று ஒரே கூச்சல். டீச்சர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஜி என் கையை நகம் பதிகிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்தக் கை எழுந்தது.

"டீச்சர், ஒரு டவுட்டு. என்னிய ஒரு வார்த்த கேக்கவே மாட்டீங்களா?"

வகுப்பு அடங்கியது. டீச்சர், தொண்டை போன பிறகு முதல் தடவையாக, வாயைத் திறந்து பேசினார். குரல் கணீரென்று இருந்தது. "சொல்லும்மா. நீ எந்தக் குரூப்புக்குப் போற?"

டவுட்டு எங்கள் மூவரையும் ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கே வந்து, என்னை இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

"இவளுங்ககிட்டயே கீறேன் டீச்சர். பாவம், இவளுங்களுக்கு இன்னும் நெறைய புரில."

அவள் சொன்னது சரிதான். எனக்குப் புரியாதது இன்றைக்கும் நிறைய இருக்கிறது. இடித்துத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காரத்தான் அவள் இல்லை.